தொண்ணூற்றாறு குழிகள்

என் அண்ணன் மனைவி பயப்படுவதற்குக் காரணம் எதுவும் தேவையில்லை. போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். தபாலில் கவர் வந்தால் பிரிக்க மாட்டார். அண்ணன் பஸ் ஓட்டிவிட்டு வீடு திரும்பும்வரை அது மேஜையிலேயே கிடக்கும். வாசலில் மணி அடித்தால் முதலில் ஓடிப்போய் அடுப்பை அணைப்பார். ஏன் என்று இருபத்து நான்கு வருடமாகக் கேட்கிறேன், அவருக்கே தெரியாது. எனக்கோ வாய் நீளம், பொறுமை கட்டை. பயப்பட ஒன்றும் இல்லை என்றால் அதற்கும் பயப்படுவீர்களா அண்ணி என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. அப்போதுதான் ரொம்பப் பயமாக இருக்கும் என்றார். இப்படிப்பட்ட ஆளிடம் என்னத்தைச் சண்டை போடுவது?

நாங்கள் இரண்டு பேரும் ஒரே மருத்துவமனையில் வேலை பார்க்கிறோம். நான் தரைத்தளத்தில் ரிப்போர்ட் கொடுக்கும் கவுன்டரில். வருகிறவர்களின் சீட்டை வாங்கி, கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டி, அச்சடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பேன். அண்ணி இரண்டாவது மாடியில் மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீசியன். இருபது வயதில் கண்ணாடிக் குழாய் கழுவும் வேலைக்குச் சேர்ந்தவர், பார்த்துப் பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டு, பரீட்சை எழுதி, நாற்பத்தேழு வயதில் அந்தக் கூடத்துக்கே மூத்தவராகிவிட்டார். ரத்தத்திலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து இயந்திரத்துக்குள் வைப்பதுவரை அவர் வேலை. இயந்திரம் கக்கும் லட்சக்கணக்கான எழுத்துகளில் எது யாருடையது, அதில் என்ன கோளாறு என்று புரோகிராம் எழுதிக் கண்டுபிடிப்பது வேறொருவரின் வேலை. அந்த ஆள் எந்நேரமும் காதில் ஹெட்போன் மாட்டியிருப்பார். அதனால் மருத்துவமனை முழுக்க அவருக்கு ஹெட்போன் என்றே பெயர். நல்லவர்தான். ஆனால் ஒரு கேள்வி கேட்டால், காதிலிருந்து அதைக் கழற்றுவதற்குள் கேட்டவர் கேள்வியை மறந்துவிடுவார்.

ஹெட்போன் வேறு இடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவருக்குப் பதில் ஆள் எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சுற்றறிக்கை வந்தது. பரிசோதனைக் கூடத்தில் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் மரபணுத் தரவுகளைப் புரோகிராம் எழுதி அலசக் கற்றுக்கொள்ள வேண்டும், வெள்ளிக்கிழமைதோறும் மூன்றாவது மாடியில் வகுப்பு, தேறாதவர்கள் ரத்தம் எடுக்கும் பிரிவுக்கு மாற்றப்படுவார்கள். அன்று மத்தியானம் அண்ணி கவுன்டருக்கு வந்து நின்ற நிலையைப் பார்த்து யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றே நினைத்தேன்.

வகுப்பு எடுக்க வந்தவர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். தேவைக்கு மேல் ஒரு சொல் பேச மாட்டார். அண்ணி அவரை வாத்தியாரம்மா என்பார், நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். வகுப்பில் பதினோரு பேர். பத்துப் பேர் பிறக்கும்போதே லேப்டாப்போடு பிறந்த இளம் டாக்டர்கள். பதினோராவது ஆள் என் அண்ணி. போனில் படம் அனுப்பவே என்னைக் கூப்பிடுகிறவர்.

முதல் மாதம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து கொட்டும். உடனே அண்ணி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிடுவாராம். எதையோ உடைத்துவிட்டோம், மருத்துவமனையின் எல்லா கம்ப்யூட்டரும் நின்றுவிடப் போகிறது என்ற பயம். எழுந்தால் சிவப்பு போகாது, உட்கார்ந்து படித்தால் எந்த வரியில் தப்பு என்று அதுவே சொல்லும் என்று வாத்தியாரம்மா சொன்னாராம். இன்னொரு நாள் வீட்டுக்கு வந்து, அவர்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறார்கள், முதல் ஆளைப் பூஜ்யமாவது ஆள் என்கிறார்கள், இது என்ன அநியாயம் என்று அண்ணனிடம் ஒரு மணி நேரம் புலம்பினார். டிக்கெட் வாங்காமல் ஏறுகிற முதல் ஆளாக இருக்கும் என்று அண்ணன் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டான்.

ஆனாலும் விடவில்லை. அதுதான் எனக்குப் புரியாத சங்கதி. பயந்து ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பயப்படாமல் நிற்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இவர் பயந்துகொண்டே நின்றார். மூன்றாவது மாதம் லட்சம் வரியுள்ள கோப்பைத் திறந்து, வேண்டியதை மட்டும் பிரித்தெடுத்து, படமாக வரையும் புரோகிராமை எழுதிவிட்டார். எழுதியும் நம்பிக்கை வரவில்லை. கம்ப்யூட்டர் முந்நூற்றுப் பன்னிரண்டு என்றால், இவர் காகிதத்தில் அச்சடித்து, பென்சிலால் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு எண்ணிப் பார்ப்பார். முந்நூற்றுப் பன்னிரண்டேதான் இருக்கும். திரும்பவும் ஒருமுறை எண்ணுவார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டர்கள் சிரித்தார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சுள்ளென்று ஏறியது. அண்ணியோ, அவர்கள் சிரிப்பதும் சரிதான் என்றுவிட்டார்.

இதற்கு நடுவில்தான் என் வீட்டில் இடி விழுந்தது. என் வீட்டுக்காரருக்குக் குடலில் கட்டி. ஆபரேஷன் செய்து எடுத்தாகிவிட்டது. மிச்சம் மீதி இருந்தால் அழிப்பதற்கு ஆறு மாதம் மாத்திரை, காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை, வீட்டிலேயே சாப்பிட வேண்டியது. ஆனால் அந்த மாத்திரையில் ஒரு ஆபத்து இருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே ஒரு மரபணுவில் ஒரு எழுத்து மாறியிருக்கும். அவர்கள் உடம்பால் அந்த மருந்தைச் செரித்து வெளியேற்ற முடியாது. எல்லோருக்கும் கொடுக்கும் அளவை அவர்களுக்குக் கொடுத்தால் மருந்தே விஷமாகி ஆளைக் கொன்றுவிடும். அதனால் முதலில் ரத்தப் பரிசோதனை. மாற்றம் இருந்தால் அளவைக் குறைப்பார்கள், இல்லையென்றால் முழு அளவு.

அந்தப் பரிசோதனை அண்ணியின் கூடத்தில்தான் நடந்தது. ஹெட்போன் போன பிறகு சில மாதங்கள் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் விட்டுப்போன புரோகிராமை வைத்தே நடத்தலாம் என்று கூடத்துக்குப் பொறுப்பான பெரிய டாக்டர் முடிவு செய்து, திரும்பவும் ஆரம்பித்த முதல் தொகுப்பில் என் வீட்டுக்காரரின் ரத்தமும் இருந்தது. தொண்ணூற்று நான்கு நோயாளிகள். ரத்தத்தைப் பிரித்து இயந்திரத்தில் ஏற்றியதுவரை எல்லாம் அண்ணி ஒரே ஆளாகச் செய்தார். பட்டியலைப் புரோகிராமுக்குள் போட்டுப் பொத்தானை அழுத்தியவர் பெரிய டாக்டர். ரிப்போர்ட்டை அச்சடித்துக் கொடுத்தவள் நான். என் வீட்டுக்காரரின் ரிப்போர்ட்டில், மாற்றம் எதுவும் இல்லை, முழு அளவு கொடுக்கலாம் என்று இருந்தது. கவுன்டரிலேயே உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்தான். வருகிற திங்கட்கிழமை காலை முதல் மாத்திரை.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை. மத்தியானம் மூன்றரை மணி இருக்கும். கவுன்டர் போன் அடித்தது. அண்ணி. “கொஞ்சம் மேல வாயேன்” என்றார். குரல் அவர் குரலாகவே இல்லை.

மூன்றாவது மாடி வகுப்பறையில் ஏசி, வண்டி ஏற்றம் ஏறுவதுபோல் இரைந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் அவரவர் திரையில் மூழ்கியிருந்தார்கள். அண்ணி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் வாத்தியாரம்மா நின்றுகொண்டிருந்தார். அண்ணியின் உதடு காய்ந்து வெளுத்திருந்தது. திரையில் நிறையப் புள்ளிகள், நடுவில் ஒரு கோடு.

விஷயம் இதுதான். சொந்த வேலையிலிருந்து ஒரு தரவைக் கொண்டுவந்து அலசிக் காட்டுங்கள் என்று வகுப்பில் பாடம் கொடுத்திருந்தார்கள். அண்ணி அந்தத் தொண்ணூற்று நான்கு பேரின் தொகுப்பையே எடுத்திருந்தார். எந்தத் தரவையும் நம்புவதற்கு முன்னால் செய்ய வேண்டிய சின்னச் சோதனை ஒன்று இருக்கிறதாம். பதிவேட்டில் ஆண் என்று இருப்பவர் மரபணுவிலும் ஆண்தானா, பெண் என்று இருப்பவர் பெண்தானா என்று பார்ப்பது. ஹெட்போன் இருந்தபோது அவர் பார்ப்பார். இந்த முறை பார்க்க ஆள் இல்லை. கோட்டுக்கு மேலே ஆண்கள் வர வேண்டும், கீழே பெண்கள் வர வேண்டும். அண்ணி பாடத்துக்காகச் செய்து பார்த்ததில் நாற்பத்து நான்கு பேர் இடம் மாறி நின்றார்கள்.

எனக்கு இதெல்லாம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அதற்கு என்ன இப்போது என்றேன். அண்ணி கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளியைக் காட்டினார். இருபத்து மூன்றாம் எண். அது என் வீட்டுக்காரர்.

எனக்கு வந்த கோபத்தில் வகுப்பு, டாக்டர்கள், மரியாதை எல்லாம் மறந்துபோனது. “நாலு மாசம் படிச்சிட்டு என் புருஷனைப் பொம்பளைன்னு சொல்றதுக்கா அண்ணி என்னைக் கூப்பிட்டீங்க?” என்றேன். பத்துத் தலையும் திரும்பின. ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அண்ணி சிரிக்கவில்லை. மெதுவாக விளக்கினார். அது பெண்ணின் ரத்தம் என்றால், அந்த ரிப்போர்ட்டும் அந்தப் பெண்ணுடையது. மாற்றம் இல்லை என்பது அவளுக்கு. என் வீட்டுக்காரருக்கு இருக்கிறதா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை முழு அளவு.

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

புரோகிராமில் தப்பு இருக்கலாம் என்று வாத்தியாரம்மா சொன்னார். மூன்று முறை புதிதாக எழுதிப் பார்த்துவிட்டேன், அதே நாற்பத்து நான்கு பேர்தான் என்றார் அண்ணி. அப்படியானால் ரத்தத்தை ஊற்றும்போது மாறியிருக்கலாம் என்றார் வாத்தியாரம்மா, தயங்கித் தயங்கி. அந்தப் பயம்தான் அண்ணிக்கு. முந்தின நாளிலிருந்தே அதே பயம். இருபத்தேழு வருட வேலை, தன் கையே தொண்ணூற்று நான்கு பேரைக் குழப்பிவிட்டதா? ராத்திரி சாப்பிடவில்லை என்று அண்ணன் காலையில் சொன்னான், வழக்கமான பயம்தான் என்று நான் காதில் வாங்கவில்லை.

பிறகு அண்ணி ஒரு காரியம் செய்தார். தன் பையிலிருந்து வெறும் பிளேட் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் தட்டு, அதில் எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு, ஆக மொத்தம் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு ஆளின் சாம்பிள். முதல் குழியிலும் கடைசிக் குழியிலும் நோயாளிகள் கிடையாது. விடை முன்பே தெரிந்த சாம்பிளை அங்கே வைப்பார்கள், எல்லாம் ஒழுங்காக நடந்ததா என்று சரிபார்க்க. அந்த இரண்டும் அன்றும் சரியாகவே வந்திருந்தன. அதைப் பார்த்துத்தான் பெரிய டாக்டர் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அண்ணி கண்ணை மூடிக்கொண்டு, கையில் ஏதோ இருப்பதுபோல் அந்தக் குழிகளின் மேல் காற்றில் ஊற்றிக்கொண்டே போனார். ஒன்று, இரண்டு, மூன்று என்று உதடு எண்ணியது. எட்டு வந்ததும் கை அடுத்த பத்திக்கு நகர்ந்தது. இருபத்து மூன்றில் நின்றது. அந்தக் குழியில் ஊற்றும்போது என் வீட்டுக்காரரை நினைத்து ஒரு நொடி நின்றேன் என்று பிற்பாடு சொன்னார்.

கண்ணைத் திறந்தார். “ஹெட்போனோட புரோகிராம் பிளேட்டை எப்படிப் படிக்குது?” என்று வாத்தியாரம்மாவைக் கேட்டார்.

“இடமிருந்து வலம். ஒரு வரிசை முடிஞ்சதும் அடுத்த வரிசை. நாம எழுத்து படிக்கிற மாதிரி.”

“நாங்க மேலிருந்து கீழதான் ஊத்துவோம்” என்றார் அண்ணி.

வாத்தியாரம்மா முதலில் பிளேட்டைப் பார்த்தார், பிறகு அண்ணியைப் பார்த்தார். எட்டு மூக்கு உள்ள பிப்பெட் என்ற உறிஞ்சுகுழலால் ஒரு பத்தியை ஒரே அழுத்தில் நிரப்புவதுதான் பரிசோதனைக் கூடத்து வழக்கம். எந்த டெக்னீசியனும் அதைச் சொல்ல மாட்டார், மூச்சை மூக்கால் விடுகிறேன் என்று யாராவது சொல்வார்களா? கம்ப்யூட்டர்காரர்களுக்கோ வரிசையாகப் படிப்பதுதான் வழக்கம், அவர்களும் சொல்ல மாட்டார்கள். மேலிருந்து கீழே நிரப்பிய பட்டியலை இடமிருந்து வலமாகப் படித்தால் தொண்ணூற்றாறில் தொண்ணூற்று நான்கு இடம் மாறிவிடும். இரண்டே இரண்டு குழிகள்தான் தப்பிக்கும். முதலாவதும் கடைசியும். சரிபார்க்க வைத்த அதே இரண்டு.

வாத்தியாரம்மா அங்கேயே ஹெட்போனுக்குப் போன் போட்டார். பட்டியலை நான் எப்போதும் வரிசைக்கு ஏற்ப மாற்றித்தான் போடுவேன், அது உங்களுக்கெல்லாம் தெரியும் என்று நினைத்தேன் என்றார் அந்த மகராசன். எழுதி வைத்திருக்கலாமே என்று நான் இந்தப் பக்கத்திலிருந்து கத்தியது அவருக்குக் கேட்டிருக்கும், காதில் ஹெட்போன் இல்லாமலிருந்தால்.

பிளேட்டைப் படிக்கும் வரியை அண்ணி மாற்றினார். ஒரே ஒரு வரி. பொத்தானை அழுத்துமுன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது? திரையில் என்ன வந்தாலும் அவர் என்னிடம் சொல்ல வேண்டும், நான் வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். அழுத்தினார். புள்ளிகள் நகர்ந்தன. ஆண்கள் எல்லோரும் மேலே, பெண்கள் எல்லோரும் கீழே. ஒருவர் பாக்கியில்லாமல். என் வீட்டுக்காரர் மேலே ஏறிவிட்டார்.

அடுத்து அந்த மருந்து மரபணு. இருபத்து மூன்றாம் எண், மாற்றம் எதுவும் இல்லை. தற்செயலாக, பழைய ரிப்போர்ட்டில் தப்பாக வந்ததும் அதேதான். ஆள் மாறினாலும் விடை மாறவில்லை. முழு அளவு கொடுக்கலாம்.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, அப்பாடா, வாங்க அண்ணி வீட்டுக்குப் போகலாம் என்றேன். மனதாரச் சொன்னேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னதைச் சொல்லவில்லை என்று ஆக்க முடியாது.

அண்ணி எழுந்திருக்கவில்லை. திரையில் இன்னும் கீழே போனார். மாற்றம் உள்ளவர்கள் மூன்று பேர். பழைய ரிப்போர்ட்டில் மாற்றம் உண்டு என்று வந்த மூன்று பேர் வேறு, இவர்கள் வேறு. அந்தப் பழைய மூன்று பேருக்குத் தேவையில்லாமல் அளவைக் குறைத்திருப்பார்கள், அது பிற்பாடு சரி செய்துகொள்ளக்கூடியது. இந்த மூன்று பேருக்கு முழு அளவு எழுதியிருப்பார்கள். எண்களைச் சொன்னார். நான் கீழே ஓடிப்போய் கவுன்டர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தேன். ஒருவருக்கு அடுத்த வாரக் கடைசியில்தான் மருந்து. இன்னொருவருக்கு டாக்டர் வேறு மருந்தே கொடுத்துவிட்டார். மூன்றாவது ஆள் ஒரு பெண்மணி, ஐம்பத்தெட்டு வயது. இந்த வாரம் திங்கட்கிழமை காலையே மாத்திரை வாங்கிப் போயிருக்கிறார். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், இன்று காலை. ஒன்பது வேளை உள்ளே போயாகிவிட்டது.

பெரிய டாக்டர் வெளியூரில் ஒரு கூட்டத்தில் இருந்தார். நான் மேலே திரும்பி வந்ததும் அண்ணி அவருக்குப் போன் செய்தார், நான் பக்கத்தில் நின்றேன். அவர் பேசியது முழுக்க எனக்குக் கேட்டது. நாலு மாதம் படித்தவர் எழுதிய புரோகிராமை நம்பித் தொண்ணூற்று நான்கு ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்குவதா, அது தப்பென்று ஆனால் எத்தனை பேர் பயந்துபோய் நல்ல மருந்தை நிறுத்திவிடுவார்கள் தெரியுமா, திங்கட்கிழமை நான் வந்து பார்க்கிறேன், அதுவரை நோயாளிகள் யாருக்கும் போன் போகக் கூடாது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. போனை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமைக்குள் இன்னும் ஐந்து வேளை.

நான் அண்ணியையே பார்த்தேன். தபால் கவரைப் பிரிக்காதவர், சிவப்பு எழுத்தைக் கண்டு எழுந்து நிற்பவர். முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்தில் வாத்தியாரம்மா, நான் போய்ப் புற்றுநோய் வார்டு டாக்டரிடம் சொல்கிறேன், என் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள் என்று மாடிப்படியில் இறங்க ஆரம்பித்திருந்தார்.

“எனக்கு ரொம்பப் பயமா இருக்கு” என்றார் அண்ணி. “நீ அந்தம்மாவுக்குப் போனைப் போடு.”

மணி ஐந்தேகால். மூன்றாவது முறை மணி அடித்ததும் எடுத்தார்கள். அந்தப் பெண்மணிதான். மருத்துவமனையிலிருந்து பேசுகிறேன், இன்று சாயங்கால மாத்திரையைப் போட வேண்டாம், உடனே கிளம்பி வாருங்கள் என்றேன். அவர் பதில் பேசினார். வார்த்தை ஒவ்வொன்றும் வாய்க்குள் எதையோ ஒதுக்கி வைத்துக்கொண்டு பேசுவதுபோல் வந்தது.

“நீங்கதானே அன்னைக்கு எனக்கு ரிப்போர்ட்டை வாசிச்சுக் காட்டினது? நான் கண்ணாடியை மறந்துட்டு வந்திருந்தேன். குரல் தெரியுது.”

எனக்கு ஞாபகமே இல்லை. ஒரு நாளைக்கு இருநூறு பேர் வருகிறார்கள். ஆமாம் என்றேன்.

நேற்றிலிருந்து வாயெல்லாம் புண்ணாக இருக்கிறது, தண்ணீர்கூட இறங்கவில்லை என்றார். மருந்து வேலை செய்கிறது என்று நினைத்து, கஷ்டப்பட்டாவது ஒரு வேளையும் விடாமல் போட்டுக்கொண்டிருந்தாராம். ஒன்றும் இல்லை, தைரியமாகச் சாப்பிடுங்கள் என்று நான்தான் சொன்னேனாம். அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டேன் என்பதுபோல் சொன்னார்.

ஒரு மணி நேரத்துக்குள் மகள் காரில் அழைத்து வந்தாள். வாத்தியாரம்மா சொல்லிவைத்திருந்த வார்டு டாக்டர் வாசலிலேயே நின்றார். அப்புறம் நடந்தது எல்லாம் பயங்கரம். மறுநாளிலிருந்து வயிற்றுப்போக்கு, காய்ச்சல், ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் விழுந்துகொண்டே போயின. எட்டாம் நாள் தேறமாட்டார் என்றே சொல்லிவிட்டார்கள். அண்ணி தினமும் வேலைக்கு வருமுன் அந்தத் தனி அறைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு நிமிடம் நிற்பார், உள்ளே போக மாட்டார். மகள் வெளியே வந்தால் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வார். அந்த ஐந்து வேளையும் போயிருந்தால் எட்டாம் நாள் வரைக்கும்கூட வந்திருக்காது என்று வார்டு டாக்டர் என்னிடம் சொன்னார்.

பெரிய டாக்டர் திங்கட்கிழமை வந்து பார்த்தார். ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். வெளியே வந்து தொண்ணூற்று நான்கு பேருக்கும் தன் கையெழுத்திலேயே கடிதம் போட்டார். விசாரணை என்று வந்தபோது யார் மீது தப்பு என்று எழுதுவது என எல்லோரும் முழித்தார்கள். ஊற்றியவர் சரியாகத்தான் ஊற்றினார், புரோகிராம் சரியாகத்தான் படித்தது. அண்ணி வகுப்பில் தேறிவிட்டார், அவரை வேறு பிரிவுக்கு மாற்றவில்லை. என் வீட்டுக்காரர் மாத்திரையை ஆரம்பித்தார். முதல் நாள், அப்போ நான் ஆம்பளைதானே, நிச்சயம்தானே என்று அண்ணியிடம் கேட்டார். வீடே சிரித்தது. அண்ணி மட்டும் உள்ளே எழுந்து போய்விட்டார்.

அந்தப் பெண்மணி பிழைத்தார். முப்பத்தொன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தலையில் ஒரு முடி இல்லை, பாதி ஆளாக இருந்தார், குரல் கரகரத்தது. சக்கர நாற்காலியில் மகள் தள்ளிக்கொண்டுவர, நேராக என் கவுன்டருக்கு வந்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன், திட்டட்டும் என்றும் நினைத்தேன். அவர் கேட்டது வேறு. கம்ப்யூட்டரில் பார்த்துக் கண்டுபிடித்தது யாரோ ஒரு அம்மாவாமே, அவரைப் பார்க்க வேண்டும் என்றார்.

போனில் கூப்பிட்டேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் படியிறங்கி வந்து நாற்காலிக்கு முன்னால் நின்றார். அந்தப் பெண்மணி கும்பிடக் கையைத் தூக்கியபோது அண்ணி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

“கண்டுபிடிச்சதும் நான்தான்மா. உங்க ரத்தத்தை ஊத்தினதும் நான்தான்.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அச்சு இயந்திரத்தைப் பார்த்தேன். அந்தப் பெண்மணி அண்ணியின் கையை விடவில்லை. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்குக் கை இப்படி நடுங்குதே” என்றார். “அன்னைக்கு ஊத்தும்போதும் நடுங்குச்சா?”

“இல்லம்மா” என்றார் அண்ணி. “அன்னைக்கு எனக்குப் பயமே இல்ல.”